அக்கா அழிச்ச ஊரும் கரண்ட் கட்டுல போன கோட்டையும்: அடுத்தத எதுல கட்டலாம்?

போன மாசம் எங்க அக்கா ஒரு ஊரையே அழிச்சிட்டாங்க. பாப்பாவுக்கு முழுப் பரீட்சை வருதுன்னு போன்ல இருந்த மைன்கிராஃப்ட (கட்டம் கட்டமா கல்ல அடுக்கி வீடு, ஊருன்னு கட்டுற கேம்) தூக்கிட்டாங்க, காசு குடுத்து வாங்குன ஆப் தானே எப்ப வேணா திரும்ப ஏத்திக்கலாம்னு நெனப்பு, அது ஒரு வகைல சரி தான், பரீட்சை முடிஞ்சதும் ஆப் வந்துச்சு, உள்ள இருந்த ஊரு தான் வரல. இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போன்ல நாம கட்டுறதெல்லாம் அந்த ஆப்போட ஃபோல்டருக்குள்ளயே கெடக்குமாம், அன்இன்ஸ்டால் பண்ணா கூடவே போயிடும், தனியா எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருந்தா தான் உண்டு. எனக்கே அன்னைக்குத் தான் தெரியும்.

ஆறு மாசமா அவ கட்டுனது எங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கற செயின்ட் டேவிட் கோட்டை. பக்கத்துல சில்வர் பீச், பீச்சுல ஒரு சுண்டல் கடை, அந்தக் கடைக்கு லைட்டு வேற. நெசக் கோட்டைய 1758ல பிரெஞ்சுக்காரன் லாலி படையோட வந்து புடிச்சு இடிச்சுத் தள்ளுனான், இத எங்க அக்கா சோபால உக்காந்தபடி ஒத்த வெரல்ல முடிச்சிட்டாங்க. அன்னைக்கு நைட்டு பாப்பா சாப்புடல. எனக்குப் போன் வந்துச்சு. "மாமா, நீ வா."

வீட்ல கம்ப்யூட்டர் சம்பந்தமா என்னன்னாலும் நான் தான். டெய்லி பாண்டிக்கு பஸ்ல போய் வேல பாத்துட்டு வர்றவன், எனக்கு கேம் பத்தி என்ன பெருசா தெரியும்னு யாரும் கேக்கறதில்ல. சரி, அடுத்த ஊர எதுல கட்டலாம்னு ஒரு வாரம் உக்காந்து அலசுனேன். கைல இருந்தது எட்டு வருஷப் பழைய லேப்டாப் (4 ஜிபி ரேம், சார்ஜர் புடுங்குனா முக்கா மணி நேரம்), அக்காவோட போன், என் போன், ஹால்ல ஒரு எல்இடி டிவி. இதே மாதிரி நெலமைல உள்ளவங்க நெறய பேர் இருப்பீங்க, அதான் எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி, பாப்பா சாப்புடாம படுத்தது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துச்சுன்னு சொல்லணும், இல்லன்னா நான் போட்ட கணக்கு உங்களுக்குப் புரியாது.

எங்க காலத்துல அக்கா செஞ்ச வேலைய கரண்ட் செஞ்சுச்சு. 1996 மே லீவுல பெரியப்பா பையன் நெய்வேலில இருந்து டிவி கேம் எடுத்துட்டு வந்தான். மஞ்ச கலர் கேசட்டு, மேல 9999 இன் 1னு போட்டிருக்கும், எண்ணிப் பாத்தா இருபது தேறாது, அதே மரியோ வேற வேற ஸ்டேஜுல ஆரம்பிக்கும் அவ்வளவு தான். டிவிக்குப் பின்னாடி ஆன்டெனா ஒயர புடுங்கிட்டு இத சொருகி, சேனல் டியூன் பண்ற குமிழ மெதுவா திருப்பித் திருப்பி, புள்ளி புள்ளியா ஓடற எடத்துல படம் தெரிஞ்சதும் வீடே கத்தும். கேசட்டு ஓடலன்னா எடுத்து வாயால ஒரு ஊது. ஊதுனதால ஒண்ணும் ஆவல, எடுத்துத் திரும்ப சொருகுனதால தான் காண்டாக்ட் கெடச்சுதுன்னு இப்ப தெரியும், ஆனா இன்னைக்குக் குடுத்தாலும் ஊதிட்டுத் தான் போடுவேன்.

கான்ட்ரா, மரியோ, வாத்து சுடறது, சர்க்கஸ், எல்லாம் ஆடுனோம். எங்கள கட்டிப் போட்டது டேங்க் கேம். பேட்டில் சிட்டின்னு பேரு, நாம்கோ கம்பெனி 1985ல விட்டது, இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுகிட்டது, எங்களுக்கு அது டேங்க் கேம் தான். ஒரு ஸ்டேஜுக்கு எதிரி டேங்கு 20, மேல மூணு எடத்துல இருந்து வரும், கீழ நடுவுல ஒரு கழுகு பொம்ம, அத காப்பாத்தணும். கழுகு செத்தா ஆட்டம் க்ளோஸ், நாமளே தவறிப்போய் சுட்டாலும் க்ளோஸ், அப்ப வர்ற சண்டை இருக்கே. அதோட மொத ஸ்க்ரீன்ல ஒரு ஆளு, ரெண்டு ஆளுன்னு போட்டு அதுக்குக் கீழ மூணாவதா ஒரு வரி இருக்கும். கன்ஸ்ட்ரக்சன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாம பத்து நாள் அத தொடவே இல்ல, ஒரு நாள் தெரியாத்தனமா அண்ணன் அழுத்திட்டான்.

வெறும் கருப்புத் தரை. ஒரு குட்டி டேங்கு மினுக்கு மினுக்குன்னு நிக்குது. பட்டன அமுக்குனா செங்கல், திரும்ப அமுக்குனா பாதிச் செங்கல், அப்புறம் இரும்பு, தண்ணி, மரம், வழுக்குற ஐஸ். 13க்கு 13 கட்டம், மொத்தம் 169. அதுக்குள்ள நாங்க புதுப்பாளையத்த கட்டுனோம். எங்க தெரு வீடெல்லாம் செங்கல், கோயில் காம்பவுண்டு இரும்பு, ஒரு ஓரமா கெடிலம் ஆறு, ஆத்தங்கரைல மரம், கழுகு தான் எங்க வீடு. தண்ணில டேங்கு எறங்காது ஆனா குண்டு தாண்டும், அதனால ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னு அடிக்கலாம்னு அண்ணன் ப்ளான். கட்டி முடிச்சு ஸ்டார்ட் அமுக்குனா நம்ம ஊரு தான் மொத ஸ்டேஜு. சாயங்காலம் ஆறு மணிக்கு எதிரி நாலாவது டேங்கு எறங்கறப்ப கரண்ட் போச்சு.

திரும்ப வந்து போட்டா கருப்புத் தரை. அந்த மெஷினோட ஒரிஜினல்ல ஆட்டத்துக்குன்னு இருந்த ரேமே 2 கேபி, கரண்ட் இருக்கற வரைக்கும் தான் அதுக்கு ஞாபகம். பேட்டரி வச்ச கேசட்டுல கட்டுனத சேத்து வைக்கற வித்தையெல்லாம் அப்பவே இருந்துச்சு, எங்க மஞ்ச கேசட்டுக்கு அந்த யோகம் இல்ல. அதே காலத்து பைக் ரேஸ் கேம் எக்ஸைட்பைக்ல கூட நாமளே ட்ராக் போட்டுக்கலாம், சேவ்னு ஒரு வரியும் இருக்கும், அது வேல செய்யணும்னா ஜப்பான்ல மட்டும் வித்த ஒரு டேப் ரெக்கார்டர் வேணும். ஆக இருந்தும் இல்லாத சேவ்.

அண்ணன் அழல. கணக்கு நோட்டு எடுத்தான், கட்டம் போட்டது, 13க்கு 13 கோடு இழுத்து ஒவ்வொரு கட்டத்துலயும் செ, இ, த, மன்னு எழுதுனான். அது தான் எங்க சேவ் ஃபைல். அடுத்த நாள் கரண்ட் வந்ததும் ஒருத்தன் படிக்க ஒருத்தன் கட்டுவோம், பத்து நிமிஷத்துல ஊரு ரெடி. அந்த லீவுல அந்த மாதிரி ஏழெட்டு ஊரு வச்சிருந்தோம். எதிரி டேங்க சுடறதெல்லாம் அப்புறம் சும்மா பேருக்கு. இது எங்களுக்கு மட்டும் தோணுனது இல்லன்னு பின்னாடி படிச்சப்ப பெருமையா இருந்துச்சு, வில் ரைட்டுன்னு ஒருத்தர் 1984ல ஹெலிகாப்டர்ல போய் குண்டு போடற கேம் ஒண்ணு பண்ணாரு, அதுக்கு ஊரு வரையறதுக்குன்னு தனியா ஒரு எடிட்டர் எழுதுனவரு, குண்டு போடறத விட ஊரு கட்டுறது தான் நல்லா இருக்குன்னு அதையே தனி கேமா வளத்தாரு, அது தான் 1989ல வந்த சிம்சிட்டி.

அதனால என் கணக்கு சிம்பிள். கட்டுனது நிக்கணும். ரெண்டு பேரு ஒரே வீட்ல நெட்டு இல்லாம சேந்து கட்டணும். இந்த லேப்டாப்பு தாங்கணும். கிராஃபிக்ஸ் எப்படின்னு நான் பாக்கவே இல்ல, 169 கட்டத்துல சந்தோஷமா இருந்தவனுக்கு அது எதுக்கு.

மொதல்ல ஆசைப்பட்டது பழைய டிவி கேமே வாங்கிடலாம்னு. ஞாயித்துக்கெழம பாண்டி காந்தி வீதி சந்தைல அலைஞ்சு பாத்தேன், பேன்ட்டு சட்டை பாத்திரம் செருப்பு எல்லாம் கெடக்கு, மஞ்ச கேசட்டு மட்டும் கண்ல படல. கடைசில ஆன்லைன்ல ஒரு குட்டிப் பெட்டி, 600 சொச்சம் கேமு, ரெண்டு கன்ட்ரோலர். வந்துச்சு. ஒயரு ஒரு முழம் தான் இருக்கு, டிவிக்கு முன்னாடி தரைல உக்காந்து அண்ணாந்து பாக்கணும், பட்டன் அமுக்கி கொஞ்சம் கழிச்சுத் தான் மரியோ குதிக்கறான். வாத்து சுடறது அதுல இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, அந்தத் துப்பாக்கி பழைய குண்டு டிவியோட வெளிச்சத்த வச்சு வேல செய்யறது, ட்ரிகர் அமுக்குனதும் ஸ்க்ரீன் ஒரு கணம் கருப்பாகி வாத்து இருக்கற எடம் மட்டும் வெள்ளையாவும், துப்பாக்கி அந்த வெள்ளைய பாக்குதான்னு கணக்கு, எல்இடி டிவில படம் லேட்டா வர்றதால அந்தக் கணக்கு தப்பிடும்.

ஆனா டேங்க் கேம் இருந்துச்சு. கன்ஸ்ட்ரக்சன் இருந்துச்சு. பாப்பாவ பக்கத்துல உக்கார வச்சு காட்டுனேன். அவ அஞ்சு நிமிஷத்துல கழுகு மேல சுத்தி இரும்பா அடுக்கிட்டா, எதிரி எத்தன குண்டு போட்டாலும் உள்ள போவாது, நாங்க இத கண்டுபுடிக்க ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் மேல இருந்து கீழ ஒரே ஒரு சந்து விட்டு மிச்சமெல்லாம் தண்ணி. டேங்கெல்லாம் வரிசைல வந்து சாவுது, அவ சிரிக்கறா, நான் சிரிக்கறேன். ஸ்டேஜு முடிஞ்சதும் கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

"மாமா, இது எங்க சேவ் ஆவும்?"

சேவ் ஆவாது பாப்பான்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தா, அவங்க அம்மாவ பாத்த அதே பார்வ. நான் உள்ள போய் கட்டம் போட்ட நோட்டு தேடி எடுத்துட்டு வந்து அண்ணன் கதைய சொன்னேன். ஸ்கெட்ச் பேனால செங்கலுக்கு செவப்பு, தண்ணிக்கு நீலம்னு வரைஞ்சுகிட்டா, ஒரு பக்கம் வரைஞ்சா, ரெண்டாவது பக்கம் பாதில நோட்ட மூடி வச்சுட்டு "போன்லயே போட்டோ புடிச்சா ஆச்சுல்ல மாமா" அப்படின்னா. அதுவும் கரெக்ட் தான். லேப்டாப்புல எமுலேட்டர்னு பழைய கேம ஓட்டுற ப்ரோக்ராம் ஒண்ணு போட்டா ஆட்டத்த அப்படியே ஒறைய வச்சு சேத்து வச்சுக்கலாம், ஆனா அதுவும் 169 கட்டம் தான், செங்கோட்டை மாதிரி கோட்டை கட்டுனவளுக்கு அது போதாது. ஆக டிவி கேம் பெட்டி, லீவுக்கு வர்ற சித்தப்பா பெரியப்பா பசங்க ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து சண்ட போட நல்லா இருக்கு, கட்டுறதுக்கு இல்ல. எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

ரோப்லாக்ஸ்னு ஒரு ஆன்லைன் கேம் வேணும்னு அவ ஃப்ரெண்டு யாரோ சொல்லி அனுப்பி இருந்தாங்க. இதுக்கு ரொம்ப யோசிக்கல. எப்பவும் நெட்டு வேணும், உள்ள முழுக்க அடுத்தவங்க பண்ண ஆட்டங்க, ரோபக்ஸ்னு காசு கேட்டுகிட்டே இருக்கும், முன்ன பின்ன தெரியாத ஆளுங்க கூட சாட்டு, பத்து வயசுப் புள்ளைக்கு நான் பக்கத்துல இல்லாம இத தர மாட்டேன். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 45 செமீக்கு மேல மழை, அடுத்த ரெண்டு மூணு நாள்ல சாத்தனூர் அணை தொறந்து தென்பெண்ணைல வெள்ளம், எங்க பக்கம் கரண்டும் இல்ல டவரும் இல்ல. அந்த மாதிரி நேரத்துல தான் புள்ளைங்களுக்கு ஏதாவது வேணும், அப்ப நெட்டு கேக்கற கேம வச்சு என்ன பண்றது.

இப்ப பெருசுக்கு வருவோம். மைன்கிராஃப்ட். இதுல ரெண்டு வகை இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. போன், டிவில மாட்டுற கன்சோல், விண்டோஸ் எல்லாத்துலயும் ஓடறது பெட்ராக். கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடற பழசு ஜாவா. ஒண்ணுல இருக்கறவங்க இன்னொண்ணுல இருக்கறவங்க கூட நேரா சேந்து ஆட முடியாது, ரெட்ஸ்டோன்ங்கிற ஒயரிங் வேல கூட ரெண்டுலயும் ஒரே மாதிரி நடக்காது. கம்ப்யூட்டருக்கு வாங்குனா இப்ப ரெண்டும் சேத்தே தர்றாங்க, போனுக்குத் தனியா வாங்கறத விட இது நல்லாவே கூடுதல் காசு.

ஜாவால என்னைய இழுத்தது அதோட பழைய வாசம் தான். 2009 மே மாசம் மார்க்குஸ் பெர்சன்ங்கிற ஸ்வீடன்காரர் ஒத்த ஆளா பண்ணி வெளிய விட்டது, முழுசா வந்தது 2011 நவம்பர் 18ல, சரியா ஆறு வாரம் கழிச்சு டிசம்பர் 30ல தானே புயல் நம்ம ஊர மொட்டையடிச்சுது, பண்ருட்டி பலா, முந்திரித் தோப்பு எல்லாம் படுத்துச்சு, எங்க தெருவுல வாரக்கணக்கா கரண்ட் இல்ல, உலகம் ஃபுல்லா பசங்க கட்டை அடுக்கிட்டு இருந்த நேரத்துல நாங்க ஓட்டுக் கூரைய அடுக்கிட்டு இருந்தோம். அந்த கேம் 2014ல மைக்ரோசாஃப்ட் கைக்கு 250 கோடி டாலருக்குப் போச்சு, 2023க்குள்ள 30 கோடி காப்பிக்கு மேல வித்தாச்சு. இவ்வளவு பெருசான அப்புறமும் அதுல ஒரு கைவேல வாடை இருக்கு. வெடிச்சு வீட்ட நாசம் பண்ற பச்ச கலர் க்ரீப்பர் இருக்குல்ல, அது பன்னி செய்யப் போய் நீளத்தையும் உயரத்தையும் மாத்திப் போட்டதால வந்த உருவம். எங்க மஞ்ச கேசட்டு மரியோல மேகத்தையும் புதரையும் பாருங்க, ஒரே படம், கலர் தான் வேற. எடம் பத்தாத காலத்து புத்தியும் கை தவறுனதும் ஒண்ணா சேந்து நிக்கறது எனக்குப் புடிக்கும்.

கட்டுறதுக்கு எடம்? இந்தப் பக்கம் 3 கோடி, அந்தப் பக்கம் 3 கோடி கட்டம், அடிமட்டத்துல இருந்து உச்சி வரைக்கும் 384. ஒரு கட்டம் ஒரு மீட்டர்னு கணக்கு. சேவ் தானா ஆவும், சில நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுதிக்கும், கரண்ட் போனாலும் ஊரு போவாது, கடைசி சில நிமிஷத்துல வச்ச செங்கல் வேணா போவும். கேமுக்குள்ள நாம கட்டுன உலகம் முழுக்க ஒரே ஃபோல்டர், அப்படியே காப்பி பண்ணி பென்டிரைவ்ல போட்டுக்கலாம். நான் கேட்ட மொத கேள்விக்கு இத விட நல்ல பதில் இல்ல.

ஆனா லேப்டாப்பு. காசு கட்டறதுக்கு முன்னாடி டெமோ இருக்கு, கேமுக்குள்ள அஞ்சு நாள், ஒரு நாளுக்கு 20 நிமிஷம், ஆக 100 நிமிஷம் ஓசி. போட்டோம். ஃபேன் கெரைண்டர் மாதிரி கத்துது, பாக்கற தூரத்த கொறச்சு ஆறுக்கு எறக்குனா எதிர்ல பனி புடிச்ச மாதிரி, மாடு ஒண்ணு நின்ன எடத்துல இருந்து டக்குனு பத்தடி தள்ளிப் போய் நிக்குது. ப்ரௌசரெல்லாம் மூடி, மோட் (கேம் மேல ஒட்டிக்கற கூடுதல் ஃபைல்) போட்டு கொஞ்சம் தேத்தலாம்னு பசங்க சொன்னாங்க. 8 ஜிபி ரேம் இருந்தா இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன், ஜாவா வாங்கிட்டு வேலைய பாத்திருப்பேன். அது தான் உண்ம.

பெட்ராக் திரும்ப போன்லயே ஏத்திக்கலாமேன்னு அக்கா கேட்டாங்க, குத்த உணர்ச்சில. காசு கட்டியாச்சு, அக்கவுண்ட்ல இருக்கு, செலவே இல்ல. ஒரே வைஃபைல இருந்தா ரெண்டு போன்ல சேந்தும் ஆடலாம். அவ க்ளாஸ் பசங்க எல்லாம் இதுல தான் இருக்காங்க, இது சின்ன விஷயம் இல்ல, நம்ம கேம்ல நம்ம கூட்டாளி இல்லன்னா அது என்ன ஆட்டம். கன்சோல் இருந்தா ஒரே டிவிய ரெண்டா நாலா பிரிச்சு ஒண்ணா உக்காந்து ஆடற வசதி கூட பெட்ராக்ல தான் இருக்கு, நம்ம டிவி கேம் சுகத்துக்கு ரொம்பக் கிட்ட வர்றது அது தான், ஆனா அதுக்காகக் கன்சோல் வாங்க எங்க வீட்ல யாரும் பேங்க் மேனேஜர் இல்ல. ஒரே பயம், போன் அக்காவோடது. அடுத்த பரீட்சை காலாண்டு.

டெராரியாங்கிற கேம நான் எனக்காகப் பாத்தேன். 3டி கேம்ல தல திரும்பறப்பல்லாம் எனக்குப் பத்து நிமிஷத்துல குமட்டும், நாப்பது தாண்டுன நெறய பேருக்கு இது இருக்கு, வெக்கப்பட்டு வெளிய சொல்றதில்ல. டெராரியா 2டி, மரியோ மாதிரி பக்கவாட்டுல தான் நடக்கும், 2011 மே மாசம் வந்தது, பாத்த ஒடனே நம்ம பழைய கேமோட பேரப்புள்ளைன்னு தெரியும். தோண்டலாம், கட்டலாம், சண்ட போடலாம். எனக்கு ரொம்பப் புடிச்சது குடித்தனக்காரங்க. நீங்க ஒரு ரூம் கட்டி செவுரு வச்சு, கதவு வச்சு, வெளக்கு, மேச, நாற்காலி போட்டா தான் அது வீடுன்னு அவங்க ஒத்துப்பாங்க, ஒண்ணு கொறஞ்சாலும் வர மாட்டாங்க, எங்க மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வாடகைக்கு வந்து பாத்துட்டு பைப்புல தண்ணி வரலன்னு போனவங்க ஞாபகம் வருது. லேப்டாப்பும் மூச்சு வாங்காம ஓட்டுது. ஆனா ஜாவா அளவுக்கு அடிக்கடி தானா எழுதிக்காது, நாமளே சேவ் பண்ணி வெளிய வரணும், கரண்ட்ட நம்ப முடியாதவங்க இத மனசுல வச்சுக்கங்க. பாப்பா பாத்துட்டு "இதுல கோட்டைக்குள்ள எப்படி மாமா நடக்கறது, இது படம் மாதிரி இருக்கு"ன்னா. பக்கவாட்டுல பாத்தா கோட்டைக்கு ஒரே செவுரு தானே. சண்டையும் நேரம் போவப் போவ கட்டுறத முந்திடும். 40 வயசு, தனியா ஆடணும், பழைய கேம் நெனப்பு, தல சுத்தும், இந்த நாலும் உங்களுக்குப் பொருந்துனா வேற எதையும் பாக்காம இத வாங்குங்க.

கடைசியா வந்தது லுவாண்டி, இதுவும் மைன்கிராஃப்ட் மாதிரி கட்டை அடுக்கிக் கட்டுறது தான். பழைய பேரு மைன்டெஸ்ட், 2010ல பெர்ட்டு அஹோலான்னு ஒரு ஃபின்லாந்துக்காரர் ஆரம்பிச்சது, 2024 அக்டோபர்ல பேர மாத்துனாங்க, அவங்க பாஷைல படைப்புங்கிறதுக்கு இருக்கற சொல்லையும் லுவாங்கிற ப்ரோக்ராமிங் பாஷையையும் சேத்து வச்ச பேரு. ஓசி. ஓசின்னா விளம்பரம் காட்டுற ஓசி இல்ல, கோடெல்லாம் தொறந்து வச்ச ஓசி, லினக்ஸ் மாதிரி. ஆனா எறக்குன ஒடனே தொறந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லையேன்னு மூடிடாதீங்க, நானும் மொத நாள் அப்படித் தான் மூடுனேன். இது அடுப்பு மாதிரி, சமையல் தனியா எறக்கணும். உள்ளயே ஒரு லிஸ்டு வரும், அதுல வாக்ஸலிப்ரேன்னு தேடி ஏத்துனா மைன்கிராஃப்ட்ல இருக்கற மாடு, ஆடு, க்ரீப்பர் மாதிரி ஒண்ணு, ரெட்ஸ்டோன், எல்லாம் வந்துடும்.

அதே லேப்டாப்பு. ஃபேன் சத்தம் இல்ல. மாடு நின்ன எடத்துல நின்னுச்சு. நான் நம்பாம சார்ஜர புடுங்கிப் பாத்தேன், ஓடிட்டு இருக்கறப்பவே பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு சாகடிச்சும் பாத்தேன் (பாப்பா கத்துனா), திரும்பப் போட்டா அவ வச்ச வாசப்படி அங்கயே இருந்துச்சு. அப்புறம் என் போன்லயும் லுவாண்டி ஏத்தி, ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்புல நடத்தற ஊருக்குள்ள போன்ல இருந்து நொழைஞ்சேன். மொபைல் டேட்டா ஆஃப். ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்து, அவ லேப்டாப்புல செவுரு வைக்க, நான் போன்ல தடவித் தடவி கல்லு எடுத்துட்டு வந்து குடுக்க. மேஸ்திரி அவ, சித்தாள் நான். 1996க்கு அப்புறம் எனக்கு அந்தச் சுகம் அப்ப தான் கெடச்சுது, குமட்டல் வந்தா போன கீழ வச்சுட்டு அவ கட்டுறத பாத்துகிட்டே இருந்தேன்.

குறை இல்லாம இல்ல. தொடுதிரைல ஆடறது அவ்வளவு சொகமில்ல. சில மோட் ஏத்துனா சும்மா இருந்த ஊரு தொறக்காம மொரண்டு புடிக்கும். அவ க்ளாஸ் பசங்க ஒருத்தரும் இதுல இல்ல. எல்லாத்துக்கும் மேல, மொத நாளே மொகத்த சுளிச்சிட்டு சொல்லிட்டா, "இது டூப்ளிகேட் மைன்கிராஃப்ட் மாமா."

அத கேட்டதும் எனக்கு சிரிப்பு தாங்கல. அடியே, எங்க மஞ்ச கேசட்டே டூப்ளிகேட், அந்தப் பெட்டியே டூப்ளிகேட், 1983ல ஜப்பான்ல நின்டென்டோ விட்ட மெஷின யாரோ பாத்து செஞ்ச பெட்டில தான் எங்க தலமுறையே கண்ணு முழிச்சுது, நின்டென்டோன்னு பேரையே நான் காலேஜ் வந்து தான் கேட்டேன். இதுவோ திருட்டுக் காப்பியும் இல்ல, ஊரு கூடி இழுக்கற தேரு. இதெல்லாம் சொன்னேன், அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, "சரி வா, கோட்டைக்கு எல்லை போடணும்"னா. அதுக்கு நான் ஒரு நெசக் கதை சொன்னேன், 1690ல இங்கிலீஷ்காரன் அந்தக் கோட்டைய வாங்கறப்ப, அங்க இருந்து பீரங்கி சுட்டு குண்டு போய் விழற தூரம் வரைக்கும் உள்ள ஊரும் சேத்து தான் பேரம், குண்டு கிராமம்னே அதுக்குப் பேரு. அவ ஒடனே செவுத்து மேல ஏறி நாலு பக்கமும் அம்பு விட்டா. குத்துன எடமெல்லாம் வேலி. ஒரு அம்பு கடல்ல போச்சு, அதுவரைக்கும் எங்களுதுன்னுட்டா.

ஆக நான் எடுத்த முடிவு இது தான். ஊரு லேப்டாப்புல, லுவாண்டில. க்ளாஸ் பசங்களோட ஆடறதுக்கு போன்ல பெட்ராக், ஞாயித்துக்கெழம மட்டும், அங்க பெருசா எதுவும் கட்டக் கூடாது, கட்டுனா அன்னைக்கே எக்ஸ்போர்ட். லேப்டாப்பு மாத்துற அன்னைக்கு, அவளுக்கு அப்பவும் ஆசை இருந்தா ஜாவா, அந்தக் காச நான் தர்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன். டிவி கேம் பெட்டி அட்டைக்குள்ள போயிடுச்சு, மே மாசம் பசங்க வந்தா வெளிய வரும். எனக்குன்னு டெராரியா, ஆஃபர் வர்றதுக்குக் காத்துட்டு இருக்கேன்.

கோட்டை பாதி ஏறியாச்சு, இப்ப நடுவுல நிறுத்திட்டு பாண்டி ஆயி மண்டபம் கட்டிட்டு இருக்கா, வெள்ளக் கல்லுல. பாண்டி தெருவெல்லாம் நேர் நேரா இருக்கறதால கட்டத்துல கட்ட சுலபமா இருக்காம், நம்ம கடலூர் தான் மாமா கோணலா இருக்குன்றா. ஆயின்னு ஒரு பொம்பள ராஜாவோட கோவத்துக்குத் தன் மாளிகைய இடிச்சுட்டு கொளம் வெட்டுனதா கத இருக்கு, அத இப்ப சொல்ல வேணாம்னு இருக்கேன், இடிக்கற கதயே கொஞ்ச நாளைக்கு வேணாம்.

சனிக்கெழமதோறும் ஃபோல்டர பென்டிரைவ்ல காப்பி பண்ணி அம்மா கிட்ட குடுத்துடறேன். அம்மா அத கம்மல், மூக்குத்தி போட்டு வைக்கற டப்பால போட்டு பீரோவ பூட்டி வச்சிருக்காங்க. அக்காவுக்குத் தெரியாது.